மலைமேல் எரியும் எழுத்து

அன்புள்ள ஐயா,

ஜப்பானின் கியோட்டோவில் ஆகஸ்ட் 16 இரவு, மலைச்சரிவில் ‘பெரிய’ எனப் பொருள்படும் எழுத்து நெருப்பாக எரிவதைக் காணொளியில் பார்த்தேன். முன்னோரை வழியனுப்பும் சடங்காம். மாடிகளில் நின்று சுற்றுலாப் பயணிகள் கைதட்டுகிறார்கள். இதை நம் மகாளயத் தர்ப்பணத்தோடு ஒப்பிட முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஓரளவுக்கு ஒப்பிடலாம். தர்ப்பணத்தில் முதன்மையாக அவரவர் குலத்தின் மூன்று தலைமுறைக்கு எள்ளும் நீரும் இறைக்கிறோம். கியோட்டோவில் ஐந்து மலைகளின் அடிவாரத்துக் குடும்பங்கள் ஊரின் இறந்தோர் அனைவருக்குமாகத் தீ மூட்டுகின்றன. கைதட்டலை விடுங்கள், அந்த உழைப்பைப் பாருங்கள். சடங்கு அதில்தான் இருக்கிறது.

நீங்கள் பார்த்த எழுத்துக்கு 75 எரிமேடைகள். குறுக்குக் கோடு 80 மீட்டர், இடப்பக்கம் இறங்கும் கோடு 160, வலப்பக்கம் 120. ஒவ்வொரு மேடையிலும் செம்பைன் விறகைக் குறுக்கும் நெடுக்குமாக 1.3 மீட்டர் உயரத்துக்கு அடுக்கி, இடுக்குகளில் பைன் இலையையும் கோதுமை வைக்கோலையும் திணிக்கிறார்கள். பைனில் பிசின் அதிகம். சுவாலை உயர்ந்து எழும். விறகில் ஈரம் இருந்தால் புகை எழுத்தையே மறைத்துவிடும். அதனால் குளிர்காலத்திலேயே மரத்தை வெட்டிப் பிளந்து மாதக்கணக்கில் உலர்த்துகிறார்கள். மழை வந்தாலும் தேதியை மாற்றுவதில்லை.

இரவு 8 மணிக்கு மலைமேலுள்ள, கோபோ தைஷி என்னும் புத்தத் துறவியின் சன்னதி விளக்கிலிருந்து தீ எடுக்கப்படுகிறது. 75 மேடையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்ற வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து உடைந்து தெரியும். ஐந்தைந்து நிமிட இடைவெளியில் மற்ற மலைகளும் எரியத் தொடங்கும். அடிவாரப் பகுதிகளில் ஒன்றான மாட்சுகசாகியில் தீ அடங்கியபின் ஊரார் ஆடும் நடனமும் இதே வழிபாட்டின் பகுதிதான்.

வெளியாருக்கும் இதில் இடம் உண்டு. இறந்தவரின் பெயரை ஒரு மரக்குச்சியில் எழுதிக் கொடுத்தால் விறகோடு சேர்த்து எரிப்பார்கள். 2011 சுனாமிக்குப் பின், அதில் அழிந்த கடலோர ஊரான ரிகுசென்டகாட்டாவில் வீழ்ந்த பைன் மரங்களின் கட்டைகளில் உறவினர்கள் இறந்தோரின் பெயர்களை எழுதினார்கள். அவற்றைக் கியோட்டோவில் எரிக்கத் திட்டம். அதே சுனாமியால் நேர்ந்த ஃபுகுஷிமா அணு உலை விபத்தின் கதிர்வீச்சு அச்சத்தால் அது கைவிடப்பட்டது. சோதனையில் அந்தக் கட்டைகளில் கதிரியக்கம் தென்படவில்லை என்றபோதும்தான். நாடெங்கும் கண்டனம் எழுந்தது, நியாயமான கண்டனம். ஒருவரின் இறந்தோரைப் பொது நெருப்பிலிருந்து விலக்குவது அந்தச் சடங்கின் அடிப்படையையே மறுப்பதாகும். அந்தக் கட்டைகளை ஆகஸ்ட் 8 அன்று ரிகுசென்டகாட்டா மக்களே தங்கள் ஊரில், முன்னோரை வரவேற்கும் நெருப்பாக எரித்தார்கள்.