சூரியனில் தங்கம் எப்படி வந்தது?

வணக்கம்.

பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். இரும்பு வரைக்குமான தனிமங்கள் நட்சத்திரத்துக்குள்ளே உருவாகின்றன, அதற்கு மேல் உள்ளவை எல்லாம் சூப்பர்நோவா வெடிப்பில்தான் என்று வகுப்பில் சொன்னேன். நான் படித்ததும் அப்படித்தான். ஒரு மாணவி எழுந்து, "சூரியனில் தங்கம் இருக்கிறதாமே. சூரியன் இன்னும் வெடிக்கவே இல்லையே மிஸ்?" என்றாள். அவள் பக்கத்துப் பெஞ்சுப் பையன், "வாயு என்றால் பரவித்தானே போகும், அது எப்படித் திரண்டு நட்சத்திரமாகும்?" என்று சேர்ந்துகொண்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்திருக்கிறேன். கொஞ்சம் விளக்க முடியுமா?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

மாணவிக்கான பதில் சின்னது. அந்தத் தங்கத்தைச் சூரியன் செய்யவில்லை. சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் எந்த வாயு மேகத்திலிருந்து சூரியன் பிறந்ததோ, அந்த மேகத்திலேயே தங்கம் மிகமிகக் குறைந்த அளவில் கலந்திருந்தது. பூமியில் இருப்பதும் அதே மேகத்தின் தங்கம்தான்.

பையன் கேட்டதும் நியாயம். சூடான வாயு பரவத்தான் செய்யும். ஆனால் நட்சத்திரம் பிறக்கிற மேகங்கள் கடுங்குளிரானவை, மைனஸ் 260 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அந்தக் குளிரில் வாயுவுக்கு எதிர்த்துத் தள்ளும் தெம்பு கிடையாது, ஈர்ப்பு ஜெயித்துவிடுகிறது. ஒரு இடத்தில் திரள ஆரம்பித்தால் அப்புறம் அமுங்க அமுங்கச் சூடேறும். நடுப்பகுதி ஒரு கோடி டிகிரியைத் தொடும்போது ஹைட்ரஜன் இணைந்து ஹீலியமாகத் தொடங்கும். நட்சத்திரம் பிறந்தாயிற்று. ஓரியன் நெபுலாவில் இப்போதும் இது நடந்துகொண்டிருக்கிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வாயு குளிர்வதற்குக் கார்பன், ஆக்சிஜன், தூசு எல்லாம் உதவுகின்றன. பிரபஞ்சத்தின் முதல் மேகங்களில் இவை இல்லை, கிட்டத்தட்ட முழுக்க ஹைட்ரஜனும் ஹீலியமும்தான். அதனால் அவை சரியாகக் குளிரவில்லை, முதல் நட்சத்திரங்கள் பெரும்பாலும் ராட்சத உருவில் பிறந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள்.

சரி, உங்கள் "எல்லாம் சூப்பர்நோவாதான்" என்ற வாக்கியத்துக்கு வருவோம். உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பல புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் சூப்பர்நோவாவுக்கு நாம் தேவைக்கு மேல் பேர் கொடுத்துவிட்டோம் என்பது என் எண்ணம். வெடிப்பு கண்ணைப் பறிக்கிறது, அதனால் எல்லாவற்றையும் அதன் கணக்கில் எழுதிவிடுகிறோம். சத்தமில்லாமல் வயதாகிற நட்சத்திரங்கள் செய்த வேலை கண்ணில் படுவதில்லை.

சாட்சி வேண்டுமா? டெக்னீசியம். 43ஆம் தனிமம். ஆஸ்பத்திரியில் எலும்பு ஸ்கேன் எடுக்கும்போது ஊசியில் போடுவார்களே, அதுவேதான். 1937இல் இத்தாலியின் பலேர்மோவில் பெரியர், செக்ரே என்ற இரு விஞ்ஞானிகள், சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் அடிபட்ட ஒரு மாலிப்டினத் தகட்டில் இதைக் கண்டுபிடித்தார்கள். இதற்குச் சிதையாமல் நிலைத்திருக்கும் ஐசோடோப்பு (நியூட்ரான் எண்ணிக்கை மாறிய வடிவம்) ஒன்றுகூடக் கிடையாது. ரொம்ப நாள் தாங்குவதற்கே அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 42 லட்சம் ஆண்டுதான். 1952இல் வானியலாளர் பால் மெரில் சில சிவப்பு ராட்சத நட்சத்திரங்களின் நிறமாலையில் டெக்னீசியத்தின் கோடுகளைப் பார்த்தார். அந்த நட்சத்திரங்களின் வயதோ அதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். பிறக்கும்போது கூட வந்த டெக்னீசியமாக இருந்தால் எப்போதோ சிதைந்து காணாமல் போயிருக்கும். ஆக, அங்கேயே, அண்மையில் உருவாகியிருக்கிறது. இரும்பைவிடக் கனமான ஒரு தனிமம், வெடிக்காத ஒரு நட்சத்திரத்துக்குள்ளே! நட்சத்திரங்கள் தனிமங்களை ஆக்குகின்றன என்பதற்கு இதைவிட நேரடியான ஆதாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

இரும்புக்கு மேல் இணைவில், அதாவது அணுக்கருக்கள் ஒன்றுசேர்வதில், ஆற்றல் கிடைக்காது என்பது சரியே. ஆனால் இங்கே நடப்பது இணைவு அல்ல. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, அணுக்கரு அதை விரட்டாது. இரும்பு போன்ற ஒரு கரு நியூட்ரானை ஒவ்வொன்றாக விழுங்கும். சில சமயம் அடுத்த நியூட்ரான் வந்து சேரப் பல ஆண்டுகளாகும். இடையில் உள்ளே இருக்கும் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறினால் அட்டவணையில் ஒரு கட்டம் முன்னே போயாயிற்று. இப்படியே நடந்து நடந்து ஸ்ட்ரான்ஷியம், பேரியம், ஈயம் வரை போகலாம். இரும்புக்கு மேற்பட்டவற்றில் ஏறக்குறைய பாதி இந்த மெதுவான வழியில் வந்ததுதான்.

இரும்பின் கதை இன்னும் வேடிக்கை. பெரிய நட்சத்திரம் வெடிக்கும்போது அதன் நடுவில் திரண்ட இரும்பு வெளியே வருவதில்லை, உள்ளே நசுங்கிப் பெரும்பாலும் நியூட்ரான்களே நிறைந்த நியூட்ரான் நட்சத்திரமாகிவிடும், இல்லாவிட்டால் கருந்துளை. வெளியே சிதறுவது முக்கியமாக ஆக்சிஜன் போன்றவை, இரும்பு கொஞ்சம்தான். நம் ரத்தத்தில் இருக்கும் இரும்பில் பாதிக்கும் மேல் வேறொரு வகை வெடிப்பிலிருந்து வந்தது. வெடிப்பது வெள்ளைக் குள்ளன், அதாவது சூரியன் போன்ற நட்சத்திரம் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் சின்ன, அடர்த்தியான மிச்சம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில், வெள்ளைக் குள்ள நட்சத்திரத்தின் எடைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று கணக்குப் போட்டார். இன்றைய மதிப்பு சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. பக்கத்து நட்சத்திரத்திலிருந்து பொருளை இழுத்து அந்த வரம்பை நெருங்கும்போதோ, இன்னொரு வெள்ளைக் குள்ளனோடு மோதும்போதோ, வெள்ளைக் குள்ளன் முழுசாக வெடித்துச் சிதறும். அதில் உருவாகும் ஏராளமான நிக்கல், கோபால்ட்டாகி, சில மாதங்களில் இரும்பாகிறது.

1983இல் சந்திரசேகரோடு நோபல் பரிசைப் பகிர்ந்தவர் வில்லியம் ஃபௌலர், தனிமங்கள் உருவாகும் அணுக்கரு வினைகளை ஆராய்ந்தவர். அவரும் வானியலாளர்களான ஃப்ரெட் ஹாயிலும் பர்பிட்ஜ் தம்பதியும் சேர்ந்து எழுதிய 1957ஆம் ஆண்டுக் கட்டுரைதான் இந்தத் துறைக்கே அஸ்திவாரம். கார்பன் கருவில் இன்ன ஆற்றலில் ஒரு நிலை இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நட்சத்திரத்தில் போதுமான கார்பன் உருவாகாது என்று ஹாயில் முன்கூட்டியே சொன்னார். சோதனையில் அது கிடைத்தது. அவரை விட்டுவிட்டுப் பரிசு கொடுத்தது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்.

தங்கத்துக்கோ இந்த மெதுவான வழி போதாது, அவசரம் வேண்டும். ஒரு நொடிக்குள் நியூட்ரான் மழையே பொழிய வேண்டும். 2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பலை (வெளியே நெளிந்து பரவும் அலை), அதை உணர்வதற்கென்றே அமைத்த லைகோ, விர்கோ கருவிகளில் பதிவானது. தொடர்ந்து தொலைநோக்கிகளில் தெரிந்த ஒளி, கனமான தனிமங்கள் அங்கே பெருமளவில் உருவானதைக் காட்டியது. ஸ்ட்ரான்ஷியத்தின் தடத்தை 2019இல் தனியாக அடையாளம் கண்டார்கள். தங்கத்தில் பெரும்பகுதி இப்படி வந்திருக்கும் என்பதே இப்போது வலுவான கருத்து. வேறு சில அரிய வெடிப்புகளுக்கும் பங்கு உண்டா என்ற விவாதம் ஓயவில்லை.

அப்புறம், "நாம் எல்லோரும் நட்சத்திரத் தூசு" என்று வகுப்பில் யாராவது சொன்னால் ஒரு திருத்தம் போடுங்கள். உடம்பிலுள்ள அணுக்களில் பாதிக்கு மேல் ஹைட்ரஜன். அது பெருவெடிப்பிலேயே வந்தது, எந்த நட்சத்திரமும் செய்து கொடுத்ததல்ல.

ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக வானியலாளர் ஜெனிஃபர் ஜான்சன், எந்தத் தனிமம் எங்கிருந்து வந்தது என்று நிறம் பிரித்துக் காட்டும் ஒரு தனிம அட்டவணை தயாரித்திருக்கிறார். இணையத்தில் கிடைக்கும். கலர் பிரிண்ட் எடுத்து வகுப்பில் ஒட்டிவிடுங்கள். பல கட்டங்களில் இரண்டு மூன்று நிறம் இருக்கும், ஏன் என்று அந்த மாணவியே அடுத்த கேள்வியைக் கேட்பாள்.