சபையில் ஜெபிக்க வருகிறது, தனியே ஜெபிக்க வரவில்லை

கேள்வி

அன்புள்ள அம்மா அவர்களுக்கு, தோத்திரம்.

எனக்கு வயது 36. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். திருமணத்துக்குப் பிறகு கணவருடன் கோயம்புத்தூரில் வசிக்கிறேன். பள்ளி ஆசிரியையாக வேலை பார்க்கிறேன்.

என் பிரச்சினையை வெளியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபிக்க வேண்டும் என்றால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். எழுந்து நின்று, "அன்பும் இரக்கமும் நிறைந்த பரம பிதாவே" என்று தொடங்கினால் தடையே இல்லாமல் வரும். நோயாளிகளுக்காக, தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக, குருவானவர் குடும்பத்துக்காக, தேசத்துக்காக என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். முடிந்ததும் மூத்த அம்மாக்கள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அதே நான் வீட்டில் அறைக்கதவைச் சாத்திவிட்டு முழங்காலில் நின்றால் ஒரு வார்த்தையும் எழும்புவதில்லை. சபையில் சொல்லும் அதே வாக்கியங்களைச் சொல்லிப் பார்க்கிறேன். சுவரிடம் பேசுவது போலிருக்கிறது. ஆமென் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தாம் மாதத்தில் என் குழந்தை தங்காமல் போய்விட்டது. வெகுநாள் காத்திருந்து உண்டான குழந்தை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்று யோபு சொல்லவில்லையா?" என்று ஆறுதல் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அடுத்த மாதமே சங்கக் கூட்டத்தில் ஸ்தோத்திர ஜெபம் செய்தேன். என் சாட்சியைப் பார்த்து எல்லோரும் அழுதார்கள், நான் அழவில்லை. குழந்தைக்காக மஞ்சள் நூலில் ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தேன். ஒரு கை மட்டும் பாக்கி. அது பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஊசியோடு அப்படியே இருக்கிறது.

என் அப்பா எங்கள் ஊர்ச் சபையில் உபதேசியாராக, அதாவது வேதம் கற்பிக்கும் ஊழியராக இருந்தவர். தினமும் இரவு ஏழு மணிக்குப் பாய் விரித்துக் குடும்ப ஜெபம் நடக்கும். மனப்பாட வசனத்தில் ஒரு சொல் தவறினாலும் ஜெபம் முடிந்த பிறகும் முழங்காலிலேயே நிற்க வேண்டும். அப்பா கெட்டவர் அல்ல. இன்றைக்கு வேதத்தில் எனக்கு இருக்கும் பழக்கம் அவர் தந்ததுதான்.

இப்போதெல்லாம் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. "கர்த்தர் உன்னை ஜெபிக்க எழுப்புகிறார்" என்கிறார்கள். எழுந்து உட்கார்கிறேன், ஜெபம் வரவில்லை. ஆண்டவரோடு நெருங்கி வாழ வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது. நான் மாய்மாலக்காரியா? என் விசுவாசம் செத்துவிட்டதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்

பதில்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

நீங்கள் மாய்மாலக்காரி அல்ல. சபையில் நீங்கள் செய்கிற ஜெபம் பொய்யும் அல்ல. அந்த நோயாளிகளுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் நீங்கள் கேட்பது உண்மையான வேண்டுதல்தான். ஆனால் அந்த வரிசையில் உங்கள் பெயர் இல்லை, உங்கள் குழந்தையும் இல்லை. தனியறைக்குள் போனதும் மற்றவர்களுக்கான விண்ணப்பங்கள் விலகி, சொல்லாமல் வைத்திருக்கும் அந்த ஒன்று மட்டும் உங்கள் எதிரில் நிற்கிறது. அதைச் சொல்ல உங்களுக்குத் துணிவு வரவில்லை, அதனால் வேறு எதுவும் வாயில் வரவில்லை. கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

உங்களுக்கு ஆறுதல் சொன்னவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் சொன்ன வசனம், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் புத்தகத்தில் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்குப் பின் 41 அதிகாரங்கள் இருக்கின்றன. மூன்றாம் அதிகாரத்திலேயே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். நான் கூப்பிடுகிறேன், நீர் பதில் சொல்வதில்லை என்று கடவுளின் முகத்துக்கு நேராகவே முறையிடுகிறார். கடவுளுக்காகப் பரிந்து பேசிய நண்பர்களைப் பார்த்துத்தான் கடைசி அதிகாரத்தில் கர்த்தர், "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். வாதாடியவரை ஏற்றுக்கொண்டு, தம்மைக் காப்பாற்றப் பேசியவர்களைக் கண்டிக்கிறார். உங்களை அந்த முதல் அதிகாரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். நீங்களும் இரண்டு ஆண்டுகளாக அங்கேயே நிற்கிறீர்கள்.

சங்கீதப் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். 150 சங்கீதங்களில் புலம்பல்தான் மிக அதிகம் காணப்படுகிற வகை. 13ஆம் சங்கீதம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றே தொடங்குகிறது. அது முடியும்போதாவது துதி வந்துவிடுகிறது. 88ஆம் சங்கீதத்தில் அதுவும் இல்லை. கடைசி வசனம்வரை துக்கம்தான், கடைசியில் ஸ்தோத்திரம் சேர்க்கப்படவில்லை. அதுவும் ஆலயத்தில் பாடப்பட்டது, அதுவும் வேதமாகவே நம் கையில் இருக்கிறது.

அப்பாவைப் பற்றி நீங்கள் கவனமாக எழுதியிருக்கிறீர்கள், நானும் அதே கவனத்தோடு சொல்கிறேன். குழந்தையின் மனதில் கடவுளைப் பற்றிய முதல் உருவம் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்தே உருவாகிறது. உளப்பகுப்பாய்வு மருத்துவர் அன்னா மரியா ரிசுட்டோ 1979இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஆலோசனைக்கு வருகிறவர்களிடமும் இதை நான் அடிக்கடி காண்கிறேன். ஒரு சொல் தவறினால் முழங்காலில் நிற்க வேண்டும் என்று பழகிய சிறுமி, ஜெபத்தில் தவறான சொல் வந்துவிடக் கூடாது என்ற பயத்தோடேயே வளர்கிறாள். சபையில் தடையில்லாமல் வரும் அந்த வாக்கியங்களில் தவறு வர வழியே இல்லை. "ஏன் எடுத்துக்கொண்டீர்?" என்ற வாக்கியம் அப்படியல்ல. அதைச் சொன்னால் என்ன ஆகுமோ என்று உங்களுக்குள் இருக்கும் அந்தச் சிறுமி நடுங்குகிறாள். வேதத்தை உங்கள் கையில் கொடுத்ததற்காக அப்பாவுக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் ஆண்டவர் மனப்பாடம் கேட்க உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கவில்லை.

சாமுவேலின் தாய் அன்னாளை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குப் பிள்ளை கிடைத்ததே என்று காட்டுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. குழந்தையை இழந்த பெண்களிடம் அந்தக் கதையை வாக்குறுதிபோல நீட்டுவது கொடுமை. அவள் ஜெபித்த விதத்தைப் பாருங்கள். உதடு அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை, ஆசாரியனாகிய ஏலியே அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். அவளோ, என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன் என்கிறாள். கேட்பவர் மனம் நிறைகிற ஜெபம் அல்ல அது.

இனி நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். சங்கத்தில் ஜெபம் நடத்துவதைச் சில மாதங்களுக்கு வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். "உடல்நிலை சரியில்லை" என்று சாக்குச் சொல்லாமல், "கொஞ்ச நாள் நான் உட்கார்ந்து கேட்க விரும்புகிறேன்" என்று மட்டும் சொன்னால் போதும். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். முழங்காலில் நிற்க வேண்டாம், நாற்காலியில் உட்காருங்கள். முழங்காலில் நிற்பதே உங்களைப் பழைய பாய்க்குக் கொண்டுபோய்விடுகிறது என்று நினைக்கிறேன். "அன்பும் இரக்கமும் நிறைந்த" என்ற தொடக்கத்தைத் தற்போதைக்கு விட்டுவிட்டு, "ஆண்டவரே" என்ற ஒரு சொல்லோடு தொடங்குங்கள். அந்த மஞ்சள் ஸ்வெட்டரை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பின்னியபோது என்ன நினைத்தீர்கள், மருத்துவமனையில் என்ன நடந்தது, சபையில் அழாமல் நின்றபோது உள்ளே என்ன இருந்தது என்று அவரிடம் சொல்லுங்கள். கோபம் வந்தால் கோபமாகவே சொல்லுங்கள். பேச வரவில்லை என்றால் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதவும் வரவில்லை என்றால் சும்மா இருங்கள். நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாமலிருக்கும்போது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் எட்டாம் அதிகாரம் சொல்கிறதே, அது இப்படிப்பட்ட நாட்களுக்காகத்தான் எழுதப்பட்டது.

உடனே மனம் லேசாகிவிடும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். சில நாள் எதுவுமே உணர மாட்டீர்கள். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் புத்தகமாக வந்தபோது, பல பத்தாண்டுகள் அவர் கடவுளின் பிரசன்னத்தை உணராமலே ஜெபித்தார் என்பது உலகத்துக்குத் தெரியவந்தது. உணர்வு வராத நாளிலும் உறவு இருக்கிறது. மறைப்பதற்கு எதுவும் இல்லாமல் அவர் முன் உட்கார முடிகிறதா என்பதைத்தான் நான் நெருக்கம் என்கிறேன்.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அவரும் ஒரு குழந்தையை இழந்தவர். அவர் எப்படி இருக்கிறார் என்று இந்த வாரமே கேளுங்கள்.

மூன்று மணி விழிப்பு கர்த்தர் எழுப்புவது என்று நான் சொல்லமாட்டேன். தூக்கம் பாதியில் கலைந்து, மனம் மரத்துப்போய், பசியும் குறைந்திருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசியிடம் தூதன் ஜெபிக்கச் சொல்லவில்லை. அடை கொடுத்துச் சாப்பிடச் சொன்னான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான். கர்த்தர் அவரோடு பேசிய மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள், குழந்தை போனதிலிருந்து நடந்ததை எல்லாம் அவரிடம் சொல்லுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் அன்றைக்கே போங்கள். மருந்து எழுதித் தந்தால் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். மருத்துவரைப் பார்த்த பிறகு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.