வாசகர் கேள்வி – பதில்: குடியேறிய நாட்டில் அரசுப் பணி

கேள்வி: வேறு நாட்டிலிருந்து குடியேறி எங்கள் அரசுத் துறையில் புதிதாகச் சேர்ந்துள்ள ஓர் அலுவலருக்கு என்னை வழிகாட்டியாக நியமித்திருக்கிறார்கள். வேலையில் கெட்டிக்காரர், ஆனால் கூட்டங்களில் வாய் திறப்பதில்லை. ‘எதுவானாலும் தயங்காமல் கேளுங்கள்’ என்று சொல்லியும் அவர் எதையும் கேட்பதில்லை. நான் வேறென்ன செய்ய வேண்டும்?

பதில்: நல்ல மனத்தோடுதான் அப்படிச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் அந்த அழைப்பு பயன்படும். விதிமுறைப் புத்தகத்தை அவரே படித்துக்கொள்வார். ஒரு குறிப்பை மேலே அனுப்புவதற்கு முன் யாரிடம் வாய்மொழியாகச் சொல்லிவைக்க வேண்டும், உயர் அதிகாரி ‘பார்க்கலாம்’ என்றால் அது சம்மதமா மறுப்பா, மாற்றுக்கருத்து சொல்பவரைத் துணிச்சல்காரர் என்பார்களா துடுக்குக்காரர் என்பார்களா என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடாமல் இருப்பதே மரியாதை என்று பழகியவர் தம்மை அழைக்கும்வரை காத்திருப்பார். அழைக்காத அலுவலகமோ அந்த மௌனத்தை விஷயம் தெரியாததாக எடுத்துக்கொள்ளும்.

ஆகவே நீங்களே முதலில் தொடங்குங்கள். அலுவலக நேரத்திலேயே இரு வாரங்களுக்கு ஒரு முறை குறிப்பிட்ட ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். முதல் சந்திப்புக்கு, திருத்தங்களுடன் திரும்பி வந்த அவருடைய வரைவு ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்னணி, சட்ட நிலை, முந்தைய கடிதங்கள் என நான்கு பத்திகளைக் கடந்து, கடைசியில்தான் ‘ஒப்புதல் கோரப்படுகிறது’ என்ற வரி வந்திருக்கும். மேலதிகாரி அதை முதல் பத்திக்கு நகர்த்தியிருப்பார். அந்தத் திருத்தத்துக்குக் காரணம் எழுதியிருக்க மாட்டார். ‘இங்கே என்ன முடிவு வேண்டும் என்பதை முதலில் பார்ப்பார்கள், பின்னணியைத் தேவைப்பட்டால் படிப்பார்கள்’ என்று நீங்கள் சொன்னால், தம் மொழியில்தான் குறை என்று எண்ணி மனம் புழுங்கியிருக்கக்கூடியவருக்குச் சிக்கல் மொழியில் இல்லை, வரிசையில்தான் என்பது புரிந்துவிடும்.

அடுத்த கூட்டத்துக்கு முன் நிகழ்ச்சி நிரலில் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதில் அவர் பேசுவதாக இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். தலைமை தாங்குபவரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். புதிய அலுவலரின் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டு, அவர் இல்லாத அறைகளிலும் அதைச் சொல்லுங்கள். சிறப்புக் குழுக்களுக்கும் தற்காலிகப் பொறுப்புகளுக்கும் ஆட்களை எடுக்கும்போது, பெரும்பாலும் யார் பெயர் முதலில் நினைவுக்கு வருகிறதோ அவருக்கே வாய்ப்பு போகிறது. இன்னொன்று: அவருடைய பணி மதிப்பீட்டை எழுதுபவர் நீங்களாக இருந்தால், இந்தப் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைப்பதே நல்லது. மதிப்பெண் போடுகிறவரிடம் யாரும் தம் குழப்பங்களை மனம்விட்டுச் சொல்வதில்லை.

கேள்வி: சொந்த நாட்டில் பல ஆண்டுகள் அரசு அதிகாரியாக இருந்துவிட்டு, இங்கே கீழ்நிலைப் பணியில் சேர்ந்தேன். பதவி உயர்வு நேர்காணல்களில் தொடர்ந்து தோற்கிறேன். என் அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா?

பதில்: மதிப்பு உண்டு, ஆனால் நேர்காணல் குழு அதைத் தானாகத் தேடி எடுக்காது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், முன்கூட்டியே வெளியிடப்பட்ட தகுதிக்கூறுகளை வைத்துக்கொண்டு, நீங்கள் சொல்லும் பதிலில் அவற்றுக்குச் சான்று இருக்கிறதா என்று பார்த்தே பொதுவாக மதிப்பெண் இடுகிறார்கள். நீங்கள் வகித்த பதவியின் பெயர் சான்றாகாது. ஒரு குறிப்பிட்ட சூழலில் நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன விளைந்தது என்பதே சான்று. நம்மவர்கள் பலர் இடறுவது இங்கேதான். ‘வெள்ள நிவாரணப் பணியை நாங்கள் திறம்பட முடித்தோம்’ என்று அடக்கத்துடன் சொல்வார்கள். எதிரே இருப்பவர் தாளில் எழுதிக்கொள்ள அதில் எதுவும் இருக்காது. ‘மூன்று துறைகளின் பயனாளிப் பட்டியல்கள் முரண்பட்டன, நான் அவற்றை ஒப்பிட்டு ஒரே பட்டியலாக்கினேன், இரட்டை வழங்கல் நின்றது’ என்றால், ஒருங்கிணைப்பு, பகுப்பாய்வு, விளைவு ஆகிய மூன்றுக்கும் சான்று கிடைத்துவிடுகிறது. ‘நான்’ என்பது தற்பெருமையாகத் தோன்றலாம். அந்த அறையில் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

தோற்ற ஒவ்வொரு நேர்காணலுக்குப் பிறகும் எந்தத் தகுதிக்கூறில் குறைந்தது என்று எழுத்து மூலம் பின்னூட்டம் கேளுங்கள். கேட்பது பல துறைகளில் வழக்கம்தான். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தெளிவான காரணம் கிடைக்காமல் மழுப்பலான பதிலே தொடர்ந்து வந்தால், தொழிற்சங்கத்தையோ மேல்முறையீட்டு வழியையோ நாடத் தயங்க வேண்டாம்; தடை எப்போதும் உங்களிடம்தான் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: குடியுரிமை இல்லாதவர் அரசுப் பணியில் சேர முடியுமா?

பதில்: நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில், 1976ஆம் ஆண்டின் நிர்வாக ஆணைப்படி, கூட்டாட்சி அரசில் திறந்த போட்டி மூலம் ஆள் எடுக்கும் பணிகள் பெரும்பாலும் குடிமக்களுக்கே. ஆஸ்திரேலியாவின் 1999ஆம் ஆண்டுப் பொதுப்பணிச் சட்டம் குடியுரிமையைக் கேட்கிறது. துறைத் தலைவர் விலக்கு அளிக்கலாம். கனடாவில் 2021 முதல், அரசுப் பணியில் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கும்படி விளம்பரப்படுத்தப்படும் கூட்டாட்சிப் பணிகளில் நிரந்தரவாசிகளுக்கும் குடிமக்களுக்குரிய அதே முன்னுரிமை உண்டு. பிரிட்டனில் வேலை செய்யும் உரிமை பெற்ற காமன்வெல்த் நாட்டவர், இந்தியரும் இலங்கையரும் உட்பட, பெரும்பாலான பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம். பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் பணிகளில் அந்நாட்டில் எத்தனை ஆண்டுகள் வசித்தீர்கள் என்பதும் பார்க்கப்படும்.

கேள்வி: குடியேறியவர்களுக்கு மட்டும் தனி வழிகாட்டி கொடுப்பது, உள்ளூரில் பிறந்த எங்களைப் போன்றவர்களுக்கு அநீதி இல்லையா?

பதில்: பயிற்சியையும் தேர்வையும் பிரித்துப் பாருங்கள். வழிகாட்டி கிடைத்ததற்காக யாருக்கும் நேர்காணலில் கூடுதல் மதிப்பெண் கிடைப்பதில்லை. உள்ளூர்க்காரருக்கு உடன் படித்தவர், உறவினர், முன்னாள் மேலாளர் என யாராவது ஒருவர் இந்த நுணுக்கங்களைப் பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறார். அப்படி யாரும் இல்லாதவருக்கு அலுவலகமே ஒருவரை ஏற்பாடு செய்கிறது. ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாக அலுவலக வேலைக்கு வந்த உள்ளூர் இளைஞருக்கும் இதே திகைப்பு இருக்கும். அத்தகையவர்களும் விண்ணப்பிக்கும்படி திட்டத்தை விரிவாக்கச் சொல்லி உங்கள் மனிதவளப் பிரிவுக்கு எழுதுங்கள்.