ஹாஃப் மாரத்தானை லாங் ரன்னாக ஓடலாமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் திருமங்கலத்தில் பள்ளி ஆசிரியை. சில வருடங்களாக ஓடுகிறேன். 21 கிலோமீட்டர் ஹாஃப் மாரத்தானில் இதுவரை என் நல்ல நேரம் 2 மணி 20 நிமிடம். வரும் ஜனவரியில் சென்னையில் 42 கிலோமீட்டர் ஃபுல் மாரத்தானை முதல் தடவையாக ஓடப் பதிவு செய்திருக்கிறேன், 5 மணி நேரத்துக்குள் முடிக்க ஆசை. வாரநாட்களில் ஓடுவதில் சிக்கல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மெதுவாக நெடுந்தூரம் ஓடும் லாங் ரன்தான் பெரிய பாடாக இருக்கிறது. இருட்டில் தனியாக ஓட விடமாட்டேன் என்று என் வீட்டுக்காரர் டிவிஎஸ்ஸில் பின்னாலேயே வருகிறார். அப்படியே 24 கிலோமீட்டர் வரை வந்துவிட்டேன், ஆனால் கடைசி நான்கைந்து கிலோமீட்டரில் கால் கல்லாகக் கனக்கிறது.

சென்னைக்கு மூன்று வாரம் முன்னால் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்திலிருந்து ஒரு ஹாஃப் மாரத்தான் கிளம்புகிறது. அதையே கடைசி லாங் ரன்னாக மெதுவாக ஓடலாம் என்று பார்க்கிறேன். எங்கள் குழுவில் ஒரு அண்ணன், "நம்பர் போட்ட பிப்பைச் சட்டையில குத்திட்டா அது ரேஸ்தாம்மா, மெதுவா ஓடறதுக்கு எதுக்குக் காசு கட்டணும்?" என்கிறார். இன்னொருவர், 32 கிலோமீட்டர் ஓடாமல் ஃபுல் பக்கமே போகக்கூடாது என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., திருமங்கலம்

அன்புள்ள எஸ்.,

தாராளமாகப் பதிவு செய்யுங்கள். காசு கட்டி மெதுவாக ஓடுவதில் ஒரு தப்பும் இல்லை. அந்தக் காசுக்கு உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு லாரிக்கும் பஸ்ஸுக்கும் பயப்படாமல் ஓடலாம், முக்குக்கு முக்கு ஆள் நிற்பார்கள், வழியெல்லாம் தண்ணீர் கிடைக்கும், முன்னாலும் பின்னாலும் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் குழு அண்ணனுக்கு இதெல்லாம் தேவைப்படாது. அவர் விடிகாலை 4 மணிக்கு ரிங் ரோட்டிலோ அழகர்கோவில் ரோட்டிலோ தன்பாட்டுக்கு இறங்கி ஓடிவிட்டு, வழியில் ஒரு டீயும் குடித்துவிட்டு வீடு திரும்பலாம். அந்த நேரத்தில் அந்த ரோடு நமக்கு இல்லை. ஆகவே அவர் கணக்கும் நம் கணக்கும் ஒன்றாக இருக்க முடியாது.

கால் கனக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன், அந்த 24 கிலோமீட்டரில் எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்? பெண்கள் கூடி ஓடும் இடங்களில்கூட இதை வாய்விட்டுப் பேச மாட்டார்கள், எனக்கோ பேசாமல் இருக்க முடியவில்லை. மதுரையைச் சுற்றி எந்த ரோட்டில் ஓடினாலும் நாம் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் தண்ணீரைக் குறைக்கிறோம், முந்தைய நாள் ராத்திரியிலிருந்தே குறைக்கிறோம், ஓடும்போது நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. அப்புறம் 20 கிலோமீட்டருக்கு மேல் தலை கிறுகிறுத்துக் கால் ஓய்ந்து போனால் நமக்குப் பயிற்சி போதவில்லை, வயசாகிவிட்டது என்று என்னென்னவோ நினைத்துக்கொள்கிறோம். பந்தயத்தில் கழிப்பறை ஏற்பாடு இருக்கும். எங்கெங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஓட்டப்பாதை வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், விவரம் இல்லையென்றால் கேளுங்கள், கேட்டால்தான் வைப்பார்கள். மாரத்தான் அன்று எப்படிக் குடிக்கப் போகிறீர்களோ அப்படியே குடித்துப் பார்க்க உங்களுக்குக் கிடைக்கப்போகும் ஒரே ஞாயிறு இது.

தாகம் எடுக்கிற அளவுக்குக் குடியுங்கள். அதற்காகப் பந்தலுக்குப் பந்தல் வெறும் தண்ணீராக ஊற்றிக்கொள்ளவும் கூடாது. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் ஆளையே சாய்த்துவிடும், நான்கைந்து மணி நேரம் ஓடுகிறவர்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். இடையிடையே ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். பேப்பர் கப்பை வாங்கியதும் அதன் விளிம்பை இரண்டு விரலால் நெருக்கிப் பிடித்தால் சங்கு மூக்கு மாதிரி ஆகிவிடும், வாயோரத்தில் வைத்து ஓடிக்கொண்டே இரண்டு மடக்கு குடிக்கலாம். மூக்கில் ஏறாது, சட்டையும் நனையாது. இதை வீட்டில் பழக முடியாது, இந்த மாதிரி நாளில்தான் பழக வேண்டும். தின்பதும் அப்படித்தான். உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை பலருக்கும் 30 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோகும், அதனால் முக்கால் மணி நேரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். கடலைமிட்டாய் கொடுப்பார்கள், ஆசையாகவும் இருக்கும், ஆனால் வாய் வறண்டு மூச்சு வாங்கும்போது அதை மென்று விழுங்குவது பெரும் அவஸ்தை. விதை எடுத்த பேரீச்சம்பழம் சுலபமாக இறங்கும். பாக்கெட்டில் வரும் சர்க்கரைப் பாகான ஜெல் என்றால் சென்னையில் எதைச் சாப்பிடப் போகிறீர்களோ அதையே சாப்பிடுங்கள்.

இனி அந்த 32 கிலோமீட்டர். அது மைல் கணக்கு வைத்திருக்கும் நாடுகளிலிருந்து வந்தது, 20 மைலைக் கிலோமீட்டராக மாற்றினால் 32. கிலோமீட்டருக்கு 5 நிமிடம் ஓடுகிறவர் அதை 2 மணி 40 நிமிடத்தில் முடித்துவிட்டுப் போய்விடுவார். நீங்கள் சொல்லும் நேரங்களை வைத்துப் பார்த்தால் உங்கள் லாங் ரன் வேகம் 7 நிமிடம் 45 விநாடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த வேகத்தில் 32 என்பது 4 மணி நேரத்துக்கு மேல். மூன்றரை மணி நேரத்தை ரொம்பத் தாண்டினால் கிடைக்கிற லாபத்தைவிடக் கால் படுகிற சேதம் அதிகம் என்பது என் திடமான எண்ணம். உங்களுக்கு 28 போதும்.

அந்த 28ஐ எப்படிப் பிரிப்பது? பந்தயத்துக்கு முன்னால் 5, பந்தயம் 21, முடித்த பிறகு 2. முன்னால் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முடிவுக்கோட்டைத் தாண்டியதும் கழுத்தில் மெடல் விழும், கையில் பொங்கல் பொட்டலம் வந்துவிடும், கூட ஓடியவர்கள் போட்டோவுக்குக் கூப்பிடுவார்கள். அப்புறம் மீதி 7 கிலோமீட்டரை ஓடப் போகிறேன் என்று வெயிலுக்குள் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பந்தயம் 5.30 மணிக்கு என்றால் 4.30க்கே ஓட ஆரம்பித்துவிடுங்கள், 5.10க்கு முடிந்துவிடும். மைதானத்தின் 400 மீட்டர் தடத்தில் விட்டால் பன்னிரண்டரைச் சுற்று. விடாவிட்டால் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டிருக்கும் வெளிச்சமான தெருவிலேயே போய்ப் போய் வரலாம், அதற்காக இருட்டுப் பக்கம் போக வேண்டாம். மிச்சமிருக்கும் நேரம் கழிப்பறை வரிசைக்கே சரியாக இருக்கும். டிசம்பர் பனியில் வியர்வை குளிர்ந்து தசை இறுகிவிடாமல் மேலே ஒரு பழைய முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கிளம்பும்போது கழற்றிக் கொடுத்துவிடலாம்.

ஆனால் இதெல்லாம் ஏற்பாடுதான். பந்தயத்தை லாங் ரன்னாக ஓடுவதில் உண்மையிலேயே கஷ்டமான பகுதி முதல் மூன்று கிலோமீட்டர். பாட்டு அலறும், ஒலிபெருக்கியில் எண்ணுவார்கள், கூட்டம் மொத்தமாகப் பாயும். எப்போதும் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள்கூட, "என்ன டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டே தாண்டிப் போவார்கள். அந்த இடத்தில் அவர்களைப் போக விட வேண்டும். சிரித்துக் கையை ஆட்டிவிட்டு உங்கள் 7.45லேயே இருக்க வேண்டும். வாட்ச் பார்க்கப் பிடிக்காவிட்டால் பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள், நடுவில் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதென்றால் சரியான வேகம். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சென்னையில் இதே பாய்ச்சல் இன்னும் பெரிய கூட்டத்தோடு நடக்கும், அங்கே முதல் 10 கிலோமீட்டரில் இழுபட்டுப் போகிறவர்கள் 30க்கு மேல் நடக்கிறார்கள். ஆளில்லாத ரோட்டில் டிவிஎஸ் துணையோடு ஓடும்போது உங்களை யாரும் முந்துவதில்லை, அதனால் விட்டுக்கொடுக்கப் பழகவும் வழியில்லை. பந்தயத்தில் மட்டும்தான் அதற்குப் பயிற்சி உண்டு. உங்கள் அண்ணன் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்.

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் ஓடுகிறவர்களைக்கூட ஞாயிற்றுக்கிழமைகளில் ஆக்லாந்துக்குப் பக்கத்து மலைப்பாதையில் 22 மைல் ஓட வைத்தார், கூட்டமாக, பேசிக்கொண்டு போகிற வேகத்தில். அவரிடம் அப்படி ஓடிய பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். மெதுவாக ஓடுவது பலவீனர்கள் வேலை என்று யாராவது சொன்னால் இவர்களைச் சொல்லுங்கள்.

முதல் 11 கிலோமீட்டரை அப்படிக் கடந்த பிறகு உடம்பு தெளிவாக இருந்தால், மீதி 10ஐ உங்கள் மாரத்தான் வேகத்துக்குக் கொண்டு போங்கள். 5 மணி நேரத்துக்குக் கிலோமீட்டர் ஒன்றுக்கு 7 நிமிடம் 7 விநாடி வருகிறது. களைத்த காலுக்கு அந்த வேகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இது, அதைவிட ஒரு விநாடிகூட வேகமாகப் போக வேண்டாம். 15வது கிலோமீட்டரில் உடம்பு பறக்கும், முந்திப்போன ஆளின் முதுகு தெரியும், பிடித்துவிடலாம் என்று தோன்றும். பிடிக்காதீர்கள். முழு மூச்சில் ஓடிய ஹாஃப் மாரத்தானிலிருந்து தசை தேறி வரப் பத்து, பதினைந்து நாள் ஆகும், உங்களிடம் இருப்பதே மூன்று வாரம். அவ்வளவு வேகத்தில் ஓடிப் பார்க்க ஆசையிருந்தால் சென்னைக்கு ஐந்தாறு வாரம் முன்னால் ஒரு பந்தயம் பாருங்கள், அதை லாங் ரன் என்று சொல்லிக்கொள்ளாமல் பந்தயமாகவே ஓடுங்கள். இந்த இரண்டையும் ஒரே காலையில் செய்ய நினைத்தால் இரண்டுமே கெடும்.

அப்புறம் நாம் மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது, இல்லையா. வரிசையில் பின்னால் நின்று கிளம்புங்கள், இடது ஓரமாகவே போங்கள். பிப்பின் பின்னால் ஒட்டியிருக்கும் நேரக்கணக்குச் சிப்போடு முன்கூட்டிய 5 கிலோமீட்டரை ஓடும்போது, தொடக்கக்கோட்டில் சிப்பைப் பதிவு செய்ய விரித்திருக்கும் பாயை மிதிக்க வேண்டாம், நேரக்கணக்கு குழம்பலாம். கடைசி 2 கிலோமீட்டரை ஓட்டப்பாதைக்கு வெளியே ஓடுங்கள்.

மறுநாள் திங்கட்கிழமை வகுப்பில் நிற்க வேண்டியிருக்கும், அதை நினைத்து ஞாயிறு மதியம் நன்றாகத் தூங்குங்கள். திங்கள் கொஞ்சம் நடை, செவ்வாய் ஓய்வு, புதனுக்குக் கால் வலி போயிருந்தால் 5 கிலோமீட்டர் மெதுவாக. அடுத்த ஞாயிறு 16, அதற்கடுத்த ஞாயிறு 10, அவ்வளவுதான், அதற்கு மேல் ஓடினால் சென்னைக்குக் களைத்த காலோடு போவீர்கள்.

பதிவு செய்வதற்கு முன் கட்-ஆஃப் நேரத்தை, அதாவது எவ்வளவு நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதை மட்டும் கேட்டுவிடுங்கள். நான் சொன்ன கணக்கில் உங்களுக்கு ஹாஃப் முடிய 2 மணி 40 நிமிடம் போல ஆகும், வேகம் கூட்ட முடியாமல் போனால் 2.45. மூன்று மணி நேரம் வைத்திருந்தால் கவலையில்லை. இரண்டரை மணி நேரத்தில் ரோட்டைத் திறந்துவிடுவார்கள் என்றால் அந்தப் பந்தயம் இந்த வேலைக்கு ஆகாது, வேறு ஞாயிறு பாருங்கள்.

அன்புடன்,
அக்கா