கடலுக்குப் போவது வேறு, கடலைப் படிப்பது வேறு

அண்ணே, பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுப்பது என்று கேட்க நேற்று பாம்பனிலிருந்து பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள், பாதிப் பேச்சில் கோபமாக எழுந்து போய்விட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். "நான் பட்டது போதும், என் பிள்ளை கடல் பக்கமே தலைவைக்கக் கூடாது, காமர்ஸ் எடுக்கட்டும்" என்றீர்கள். உங்கள் பயம் நியாயம்தான், ஆனால் பாப்பா கேட்பது வலையையும் வள்ளத்தையும் இல்லையே, கடல் உயிர்களைப் பற்றிய படிப்பைத்தானே.

அவள் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்: ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், நீல ரத்தம், கிரீன்லாந்து சுறா 250 வருடத்துக்கு மேல் வாழும், பூமியில் உண்டாகிற ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதி கடலில் மிதக்கிற நுண்ணுயிர்கள் தருவது. இதற்கெல்லாம் நான் அசரவில்லை, போன் பார்க்கிற எந்தப் பிள்ளையும் சொல்லும். ஆனால் கடல்குதிரையில் ஆண்தான் குட்டி போடும் என்று சொல்லிவிட்டு, "அப்பா வலையில் வந்ததை எடுத்து வயிற்றில் பை இருக்கிறதா என்று பார்த்தேன் சார்" என்றாளே, அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேட்டதைக் கையில் எடுத்துச் சரிபார்க்கிற புத்தி எல்லாப் பிள்ளைக்கும் வராது. (அடுத்த முறை வலையில் வந்தால் உடனே கடலில் விட்டுவிடுங்கள் அண்ணே. கடலட்டை மாதிரி அதைப் பிடிக்கவும் தடை உண்டு, கேஸ் ஆனால் படிப்புக் காசு வக்கீலுக்குப் போய்விடும்.)

கடலைப் படித்தால் என்ன வேலை என்று கேட்பீர்கள். 2010லும் 2016லும் கடல் சூடாகி, நம் பக்கத்துப் பார்கள், அதாவது பவளப்பாறைகள், வெளுத்துப்போயின. பவளம் கல் இல்லை, உயிர். அதற்குள் குடியிருக்கிற நுண்பாசிதான் நிறமும் சாப்பாடும் தருகிறது, தண்ணீர் சூடேறினால் அது வெளியேறிவிடும், பவளம் பட்டினி கிடக்கும். எந்தத் தீவில் எவ்வளவு வெளுத்தது, எவ்வளவு பிழைத்தது என்று யாராவது முங்கிப் பார்த்துக் கணக்கெடுத்தாக வேண்டும். அதுவும் ஒரு வேலைதான், சம்பளம் உள்ள வேலை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், 3,600க்கு மேற்பட்ட உயிரினங்கள் இருக்கின்றன. 1947ல் ஆரம்பித்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பல வருடம் மண்டபம் முகாமில்தான் இருந்தது, பிறகு அது கொச்சிக்குப் போனாலும் இங்கே இருக்கிற மையம் இன்னும் நடக்கிறது. கடல் விரால் (கோபியா) மீனைத் தொட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்ததும் அங்கேதான். பாலம் தாண்டினால் வருகிற இடம் அண்ணே!

சரி, படிப்புக்கு வருவோம். கடல் உயிரியல் என்று நேராக ஆராய்ச்சிக்குப் போனால் எம்.எஸ்ஸி., பிஎச்.டி. என்று வருடங்கள் ஓடும், நடுவில் தற்காலிக வேலைகள்தான் கிடைக்கும், அதை மறைக்க மாட்டேன். உங்கள் வீட்டு நிலைமைக்கு முதலில் பி.எஃப்.எஸ்ஸி. என்கிற நாலு வருட மீன்வளப் படிப்பைத்தான் சொல்வேன். தூத்துக்குடியில் 1977லிருந்து கல்லூரி இருக்கிறது, இப்போது நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் சேர்க்கிறார்கள், நீட் கிடையாது. மீனவர் பிள்ளைகளுக்குத் தனி இடங்களும் உண்டு, அதனால் மீனவர் நலவாரிய அட்டையை இப்போதே புதுப்பித்து வையுங்கள். முடித்தால் மீன்வளத் துறைத் தேர்வு, பேங்கில் விவசாய அதிகாரி தேர்வு, இறால் குஞ்சு பொரிப்பகம் என்று பல வழி. அதற்குப் பிறகும் ஆராய்ச்சி ஆசை இருந்தால் எம்.எஃப்.எஸ்ஸி. என்கிற மேல்படிப்புக்குப் போகட்டும், யார் தடுத்தது.

காமர்ஸ் எடுத்தால் இந்தக் கதவு முழுக்க மூடிவிடும். உயிரியலோடு கணக்கும் உள்ள குரூப்பைக் கேளுங்கள். 6,000 மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை இறக்க சென்னையில் மத்ஸ்யா 6000 என்று ஒரு நீர்மூழ்கி தயாராகிறது, அதைக் கட்டுகிறவர்கள் எல்லாம் இன்ஜினியர்கள். நாளைக்கு அவள் மனது அந்தப் பக்கம் திரும்பினாலும் கணக்கு கைகொடுக்கும்.

கடைசியாக, "பொம்பளப் பிள்ளைக்குக் கடல் எதுக்கு" என்று ஒரு வார்த்தை விட்டீர்கள். பாப்பாவின் அப்பத்தா கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, தீவுக்குப் போய் முங்கி மரிக்கொழுந்து என்கிற கடல்பாசி எடுத்துத்தானே உங்களைப் படிக்க வைத்தார்கள்? வியாழக்கிழமைக்குள் பள்ளியில் குரூப் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று பாப்பா சொன்னாள். அதற்கு முன்னால் அப்பத்தாவிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள் அண்ணே.