சென்னையில் 1 மணி 50 நிமிடம்: அடுத்த விமானத்தைப் பிடிக்க அது போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. மெல்போர்னில் இருக்கும் அக்கா வீட்டுக்குத் தனியாகப் போகிறார். மதுரை விமானம் இரவு 9.15க்குச் சென்னை வந்து சேரும். சிங்கப்பூர் விமானம் 11.05க்கு. சிங்கப்பூரில் இறங்கி மெல்போர்ன் விமானம் ஏற 1 மணி 15 நிமிடம்தான் இருக்கிறது. சென்னையிலிருந்து மெல்போர்ன் வரை ஒரே டிக்கெட். மதுரை–சென்னை தனியாக எடுத்தது. இரண்டு பெட்டிகள், 28 கிலோ. சிங்கப்பூரில் நேரம் போதாதோ என்று பயமாக இருக்கிறது. டிக்கெட்டை மாற்றலாமா?

பதில்: மாற்றுங்கள். ஆனால் மாற்ற வேண்டியது சிங்கப்பூர் விமானத்தை அல்ல, மதுரை விமானத்தை.

1 மணி 50 நிமிடம் என்பது டிக்கெட்டில் தெரியும் கணக்கு. அம்மாவிடம் பெட்டி இருப்பதால் அவருக்குக் கெடு 11.05 அல்ல, செக்-இன் கவுண்டர் மூடும் நேரம்தான். வெளிநாட்டு விமானங்களுக்கு அது பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்னால். சில நிறுவனங்களில் 75 நிமிடம். ஆக 10.05க்குள் பெட்டி பெல்ட்டில் ஏறியாக வேண்டும். கையில் இருப்பது 50 நிமிடம். வெப் செக்-இன் செய்திருந்தாலும் பெட்டி போடும் கெடு மாறாது.

அந்த 50 நிமிடம் எப்படிக் கரையும் என்று பாருங்கள். மதுரைக்கு ஏடிஆர் எனும் சிறிய ரக விமானங்களும் ஓடுகின்றன. அதில் வந்தால் பயணிகள் பஸ்ஸில்தான் முனையத்துக்கு வருவார்கள். அதற்கே 10 முதல் 15 நிமிடம். (ஏடிஆரில் பயணிகள் கதவு பின்பக்கம் இருக்கும். முன் சீட்டுக்குக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கினால் கடைசியில்தான் இறங்குவீர்கள்.) பெட்டி வர 15 முதல் 25 நிமிடம். உள்நாட்டு விமானங்கள் முதல் முனையத்துக்கோ நான்காவது முனையத்துக்கோ வரும். வெளிநாட்டுப் புறப்பாடு இரண்டாவது முனையத்தில். எல்லாம் ஒரே வளாகம்தான் என்றாலும் வெளியே வந்து தள்ளுவண்டியோடு நடக்க 10 நிமிடம். வாசலில் சிஐஎஸ்எஃப் வீரர் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் பார்க்க 5 முதல் 10 நிமிடம். கூட்டினால் 40 முதல் 60 நிமிடம். கவுண்டர் வரிசையில் இன்னும் நிற்கவே ஆரம்பிக்கவில்லை.

இதெல்லாம் மதுரை விமானம் சரியான நேரத்துக்கு வந்தால். 15 நிமிடம் வரை தாமதமாக வந்த விமானத்தையும் ‘நேரத்துக்கு வந்தது’ என்றே விமானத் துறை கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரு விமானம் பெரும்பாலும் நேரத்துக்கு வருகிறது என்ற தகவலை நம்பி 50 நிமிடத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

தவறவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். இரண்டும் தனித்தனி பிஎன்ஆர், அதாவது தனித்தனி முன்பதிவு. மதுரை விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானாலும், அம்மாவைச் சென்னையில் இறக்கிவிட்டதோடு அந்த நிறுவனத்தின் பொறுப்பு முடிந்தது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை அவர் வராத பயணி, அதாவது ‘நோ-ஷோ’. திரும்பி வரும் பயணமும் அதே டிக்கெட்டில் இருந்தால் அதுவும் ரத்தாகிவிடும். அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் கேட்டு வாங்கலாம். மற்றபடி புது டிக்கெட்தான்.

இப்போது சிங்கப்பூர். அங்கே 75 நிமிடம் குறைவாகத் தோன்றினாலும் நிலைமை வேறு. சென்னையிலேயே பெட்டியில் மெல்போர்ன் வரைக்கும் டேக் ஒட்டிவிடுவார்கள். இரண்டு போர்டிங் பாஸும் கையில் கிடைக்கும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இமிகிரேஷன் கிடையாது, பெட்டி எடுக்க வேண்டாம், சிங்கப்பூர் வருகை அட்டையும் தேவையில்லை. 1, 2, 3 முனையங்களுக்கு இடையே உள்ளேயே ஸ்கைட்ரெயின் என்ற சிறு ரயில் ஓடுகிறது. அந்த மூன்றிலும் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில் நடக்கும் என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவையுங்கள்; கடைகளில் நிற்காமல் நேராகக் கேட்டுக்குப் போய்விட வேண்டும். ஒரே டிக்கெட்டில் இணைத்து விற்கும்போது, அந்த விமான நிலையத்துக்கென்று வகுத்த குறைந்தபட்ச இணைப்பு நேரத்துக்குக் கீழே விற்க மாட்டார்கள். முதல் விமானம் தாமதமாகி இணைப்பு போனால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு.

சென்னையில் தனித்தனி டிக்கெட், பெட்டி, வெளிநாட்டு விமானம் மூன்றும் சேர்ந்தால் குறைந்தது 5 மணி நேரம் விடுங்கள். இரவு 11.05 விமானத்துக்கு மாலை 6 மணிக்குள் வந்துசேரும் விமானம். மதுரையில் அதற்குப் பின்னும் ஒரு விமானம் இருந்தால் இன்னும் நல்லது. முதல் விமானம் ரத்தானாலும் ஒரு வழி இருக்கும்.

ரயிலும் நல்ல வழிதான். காலையில் மதுரையில் கிளம்பும் வைகை மதியமே தாம்பரம் வந்துவிடும். அங்கிருந்து டாக்ஸியில் போகலாம். பெட்டி கனமில்லை என்றால் புறநகர் ரயிலில் திரிசூலம் இறங்கிச் சுரங்கப்பாதை வழியாக எதிரே விமான நிலையத்துக்குப் போய்விடலாம். எடைக் கட்டணமும் இல்லை. தனியாக எடுத்த உள்நாட்டு டிக்கெட்டில் சாதாரணமாக 15 கிலோதான் இலவசம். மெல்போர்ன் டிக்கெட்டில் 30 கிலோ இருந்தாலும் மதுரை கவுண்டர் அதைக் கணக்கில் எடுக்காது. 28 கிலோவில் மிச்சம் 13 கிலோவுக்குப் பணம் கேட்பார்கள். முன்கூட்டியே ஆன்லைனில் கட்டினால் குறைவு.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் 48 மணி நேரம் முன்னதாக இரண்டு நிறுவனங்களிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள். உள்நாட்டு முனைய வாசலோடு முதல் நாற்காலி நின்றுவிடும்; இரண்டாவது முனையத்தில் வேறு ஆள், வேறு நாற்காலி. சக்கர நாற்காலிப் பயணிகளைக் கடைசியில் இறக்குவார்கள் என்பதால் மேலும் 10 முதல் 15 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். இமிகிரேஷன் வரிசையைத் தவிர்க்க, சென்னையில் 2025 ஜனவரி முதல் எஃப்டிஐ-டிடிபி என்ற மின்வாயில் திட்டம் இருக்கிறது. இந்தியக் குடிமக்களுக்கு இலவசம். முன்பே ஆன்லைனில் விண்ணப்பித்துக் கைரேகை பதிய வேண்டும். அது இமிகிரேஷனை மட்டும் சுருக்கும், கவுண்டர் கெடுவைத் தள்ளிவைக்காது.

திரும்பி வரும்போது சென்னையில் இமிகிரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ் முடித்து வெளியே வந்துதான் மதுரை விமானத்துக்குப் புதிதாகச் செக்-இன் செய்ய வேண்டும். அந்த டிக்கெட்டும் தனி என்றால் 4 மணி நேர இடைவெளி வைத்து எடுங்கள்.