பிப் ஏன் மறுக்கிறது?

சார், வணக்கம். லேப்டாப்பில் டெபியன் 12 என்ற லினக்ஸைப் போட்டிருக்கிறேன். பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் பிப் மூலம் ஒரு லைப்ரரியை நிறுவப் போனால், இந்தப் பைத்தானை வேறொருவர் நிர்வகிக்கிறார் என்று மறுக்கிறது. நிர்வாகி அதிகாரம் தரும் சுடோ போட்டாலும் அதே கதை. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். என் லேப்டாப்பில் எனக்கே அனுமதி இல்லையா?

— ஒரு கல்லூரி மாணவர்

அன்புள்ள தம்பி,

அந்த ஆப்ஷனின் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இவ்வளவு நேர்மையாகப் பெயர் வைப்பவர்கள் மென்பொருள் உலகில் குறைவு.

நானும் பட்டவன்தான். டெபியன் வழிவந்த உபுண்டுவின் பழைய பதிப்பு ஒன்றில், சுடோ போட்டு பிப்பில் ஒரு லைப்ரரியைப் புதுப்பித்தேன். என் நிரல் ஓடியது. மறுநாள் புது ரெப்பாசிட்டரி, அதாவது மென்பொருள் கிடங்கு, சேர்க்கும் கட்டளையை அடித்தால் பிழைச்செய்தியாகக் கொட்டியது. அந்தக் கட்டளையும் அதே பைத்தானில் எழுதப்பட்டதுதான். சிஸ்டத்தின் சொந்த நிறுவியான ஆப்டில் மறுபடி நிறுவிப் பார்த்தேன், பிரயோஜனம் இல்லை. காரணம் பிடிபட அரை நாள் போயிற்று. டெபியன் குடும்பத்தில் சுடோ பிப், ஆப்ட் வைத்த கோப்பைத் தொடுவதில்லை. தன் பிரதியை யூஎஸ்ஆர் லோக்கல் என்ற வேறு அடைவுக்குள் வைக்கிறது. பைத்தான் லைப்ரரி தேடும்போது, ஆப்ட் வைத்த இடத்துக்கு முன்னால் அந்த இடத்தைத்தான் பார்க்கும். ஆப்டைக் கேட்டால் 'என் சரக்கு பத்திரமாக இருக்கிறது' என்று சொல்லும். அது பொய்யுமில்லை!

இதற்குத்தான் பெப் 668 என்ற பைத்தான் விதிமுறை வந்தது. டெபியன், உபுண்டு மாதிரி ஒரு டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) தன் பைத்தான் அடைவில் ஒரு சிறு கோப்பை வைத்துவிட்டால், பிப் அதைப் பார்த்து ஒதுங்கிவிடும். 2023-இல் உபுண்டு 23.04 இப்படிச் செய்தது, அப்புறம் டெபியன் 12.

டெபியன் பூட்டியது சரி. மாற்றுச் சாவியை ஒளித்து வைத்ததுதான் தப்பு. 'வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கிக்கொள்' என்கிறது பிப்பின் செய்தி. சிஸ்டத்தைத் தொடாமல் லைப்ரரிகளைப் போட்டுக்கொள்ளும் தனி அறை அது. பைத்தானுடன் கூடவே வரவேண்டிய அந்த வசதியை டெபியன் தனிப் பேக்கேஜாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதையும் நிறுவ வேண்டும் என்ற குறிப்பு செய்தியில் ஓர் ஓரமாக இருக்கிறது, யார் படிக்கிறார்கள்? கடுப்பான பையன் உடைக்கும் ஆப்ஷனைத்தான் தேடிப் போவான். பூட்டு போடுகிற டிஸ்ட்ரோ, இதையும் முதல் நாளே நிறுவித் தர வேண்டும்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். ஆப்டில் பைத்தான்3-வென்வ் நிறுவுங்கள். புராஜெக்ட்டுக்கு ஒன்றாக வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கி, அதற்குள் பிப்பை இஷ்டம்போல் ஓட்டுங்கள். லைப்ரரி இல்லை, டெர்மினலில் ஓட்டும் கருவிதான் வேண்டும் என்றால், ஒவ்வொரு கருவிக்கும் தானே தனி அறை கட்டித்தரும் பிப்எக்ஸ் போதும். அந்த உடைக்கும் ஆப்ஷனை, லேப்டாப்பிலிருந்து பிரிந்து ஓடும் பெட்டியான டாக்கர் கன்டெய்னருக்குள் நானும் போடுவதுண்டு, கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றைக் கிளப்பலாம். லேப்டாப்பில் வேண்டாம்.